பிறகு கதைப்பம் நானா

புதிய சட்டத்தரணிகளாகச் சத்தியப்பிரமாணம் செய்துகொண்டு எங்கள் பக்கத்து நீதிமன்றங்களுக்கு வந்திருக்கும் தம்பி தங்கைமாரே, உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். வென்ற வழக்குகளைப் பற்றி எழுதினால் நன்றாயிருக்கும் என்று தொலைபேசியில் ஒரு பிள்ளை சொன்னார். வென்ற வழக்குகளைச் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. நீதிமன்றத்துக்கு முன்னாலுள்ள தேநீர்க் கடையில் பத்து நிமிடம் இருந்தால் அந்தக் கதைகள் தானாகவே காதில் வந்து விழும். நான் என் கட்சிக்காரர் ஒருவரை என் தலையசைப்பாலேயே குற்றவாளியாக்கிய கதையைச் சொல்கிறேன். வாசித்துவிட்டு என்னைத் திட்டலாம். ஆனால் முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

திங்கட்கிழமைகளில் எங்கள் நீதவான் முன்னிலையில் திணைக்களங்களின் சிறு வழக்குகளெல்லாம் ஒன்றாக எடுக்கப்படும். அனுமதியில்லாமல் மணல் ஏற்றியவர், மரம் வெட்டியவர், குளத்தில் தடை செய்த வலை போட்டவர் என்று எல்லோரும் காலையிலேயே விறாந்தையில் வரிசையாக நிற்பார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விதான் இருக்கும்.

"மிஸ், இண்டைக்கே முடியுமோ?"

அந்தக் கேள்விக்கு நியாயம் இருக்கிறது. ஒருவர் தான் சுற்றவாளி, அதாவது குற்றம் செய்யாதவர், என்று சொன்னால் விசாரணைக்குத் தவணை போடுவார்கள். அதற்குப் பிறகு ஏழெட்டுத் தவணை. ஒவ்வொரு தவணைக்கும் இரண்டு பஸ் மாறி வர வேண்டும், அன்றைய கூலி போய்விடும். குற்றவாளி என்று சொன்னாலோ ஒரு சிறு தண்டத்தோடு மத்தியானத்துக்கு முன் வீட்டுக்குப் போய்விடலாம். ஆகவே நாங்கள் சட்டத்தரணிகள் விறாந்தையில் நின்றபடியே, "குற்றவாளி எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ" என்று சொல்லப் பழகியிருந்தோம். சோம்பலால் வந்த பழக்கம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பாதி இரக்கத்தால் வந்தது. இரக்கத்தால் வருகிற பழக்கத்தை விடுவதுதான் மிகவும் கஷ்டம், ஏனென்றால் அதைச் செய்யும்போது நாம் நல்லவர்களாகத் தெரிகிறோம்.

எனக்கு அதில் பெயரே இருந்தது. சக சட்டத்தரணிகள் என்னை "இண்டைக்கே மிஸ்" என்று கேலி செய்வார்கள். எனக்கு அது உள்ளூரப் பிடித்திருந்தது. அப்போதே பதினைந்து வருட அனுபவம் இருந்தவளுக்கு அப்படி ஒரு பட்டம் பிடித்திருந்தது என்பதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

நான் சொல்லும் திங்கட்கிழமை வற்றாப்பளைப் பொங்கல் நாள். கண்ணகி அம்மன் பொங்கல் வைகாசியில் திங்கட்கிழமையில்தான் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். பஸ்களில் கால் வைக்க இடமில்லை. எழுதுவினைஞரில் இருந்து காவலாளி வரை எல்லோருக்கும் வேளைக்கு வெளிக்கிட்டுக் கோயிலுக்குப் போக வேண்டும். எனக்கும்தான். வீட்டில் அம்மனுக்கு நேர்த்திக்கடன் இருந்தது.

விறாந்தையில் என் கடைசிக் கட்சிக்காரராக நின்றவர் கரீம். முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல நாங்களும் கரீம் நானா என்போம். அறுபது வயதைத் தாண்டிய விவசாயி. முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் கிராமம் ஒன்றில் பிறந்து, போர்க்காலத்தில் ஊர் முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து ஒரேயடியாக வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் இருபது வருடங்களுக்கு மேல் இருந்துவிட்டு மனைவி ஜெசீமாவுடன் திரும்பி வந்தவர். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது வழக்குக் கோவையின் மேலிருந்த இலக்கமும், காட்டில் மரம் வெட்டிய குற்றச்சாட்டும் மட்டும்தான்.

"நானா, மரம் வெட்டினது நீங்கள்தானே?"

"ஓம் மிஸ். நானும் பெண்சாதியும்தான். ஆனா அது எங்கட..."

"வெட்டினது உண்மையெண்டா குற்றவாளி எண்டு சொல்லுங்கோ. தண்டத்தோட போயிடும்."

"அது எங்கட காணி மிஸ்."

"அதைப் பிறகு கதைப்பம் நானா."

இவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

கூண்டில் ஏறினார். நீதிமன்ற எழுதுவினைஞர் குற்றச்சாட்டை வாசித்தார். ஒதுக்கப்பட்ட அரச காட்டுக்குள் அத்துமீறி நுழைந்து, மரங்களை வெட்டி, நிலத்தைத் துப்புரவாக்கியது. அந்த எழுதுவினைஞர் நல்ல மனிதர். அவசரமான நாளிலும் நிறுத்தி நிறுத்தித்தான் வாசித்தார். குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்டார். கரீம் நானா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

"குற்றவாளி" என்றார்.

அவர் மனதில் அந்தச் சொல்லுக்கு இருந்த பொருள், மரம் வெட்டியது நான்தான் என்பது. பொய் சொல்லத் தெரியாத மனிதர், வெட்டியதை வெட்டவில்லை என்று எப்படிச் சொல்வார்? ஆனால் நீதிமன்றப் பதிவேட்டில் அந்தச் சொல்லுக்கு இருந்த பொருள், இது அரச காடு, எனக்கு இங்கே உரிமை ஒன்றும் இல்லை என்பது. இரண்டுக்கும் இடையில் இருந்த தூரத்தை விளங்கப்படுத்தத்தான் நான் அங்கே நின்றேன். நானோ மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வன அதிகாரி எழுந்து, கூண்டில் நிற்கும் எதிரி குற்றத்தை ஒப்புக்கொண்டபடியால் அந்த இடத்தைவிட்டு அவர் வெளியேறவும் கட்டளை வேண்டும் என்று கேட்டார். அவரில் பிழையில்லை. அவருடைய வரைபடத்தில் அந்த இடம் பச்சையாக இருந்தது. நீதவான் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எதிரி தரப்பில் ஏதாவது சொல்ல இருக்கிறதா?"

"இல்லை, கனம் நீதவான் அவர்களே."

அப்போது நான் அடுத்த கோவையைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒருவரைத் தண்டிக்க முன் அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்று அரசியலமைப்பின் பதின்மூன்றாம் உறுப்புரை சொல்வதை நீங்கள் பரீட்சைக்குப் பாடமாக்கியிருப்பீர்கள். அன்றைக்கு நீதிமன்றம் கேட்டது. திறந்து நின்ற கதவைச் சாத்தியது பொலிஸும் இல்லை, திணைக்களமும் இல்லை. அவருக்காகக் கறுப்புக் கோட்டுப் போட்டு நின்ற நான். ஒரு மாதத்துக்குள் வெளியேற வேண்டும் என்று கட்டளை எழுதப்பட்டது. கூண்டில் நின்றவருக்கு விளங்கியது தண்டத் தொகை மட்டும்தான்.

தண்டத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தவர் முகத்தில் பெரிய நிம்மதி.

"அல்ஹம்துலில்லாஹ். இண்டைக்கே முடிஞ்சுது மிஸ். அப்ப நாளைக்குக் கச்சான் விதைக்கலாமோ? கிணறும் இறைச்சுத் துப்புரவாக்கிப்போட்டன்."

"என்ன கிணறு நானா?"

"வாப்பா கட்டின கிணறு மிஸ். காணிக்குள்ள கிடக்கு."

காட்டுக்குள் யாரும் கிணறு கட்டுவதில்லை. நீங்கள் வெளியேற வேண்டும் நானா, அந்தக் கட்டளைக்கு நான் மறுப்பே சொல்லவில்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "ரெண்டு நாள் பொறுங்கோ, கச்சான் போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். வற்றாப்பளையில் சனத்துக்குள் நின்று கும்பிடக் கையைத் தூக்கினேன். என்ன கேட்டுக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை அவர்களின் காணிக்குப் போனேன். தகரக் கொட்டில் ஒன்று. பக்கத்தில் கிணறு, பொளிந்த கல்லில் கட்டிய தொட்டி, உடுப்புத் தோய்க்கும் கல். அப்பால் வட்டில்லாத மொட்டைத் தென்னைகள் நாலு, ஒரே வரிசையில். சுற்றிவர இருபது வருடத்தில் வளர்ந்த மரங்கள். கிணற்றுக் கட்டில் சீமெந்து காய முன் யாரோ விரலால் எழுதிய பெயர் இருந்தது. கரீம் நானாவின் வாப்பாவின் பெயர். அந்தக் காணிக்கு முன்பு அரசாங்கம் கொடுத்த உத்தரவுப் பத்திரம் ஒன்று இருந்ததாகவும், வெளியேறிய அன்று எடுக்க விடவில்லை என்றும் சொன்னார்கள்.

என் அப்பாவும் விவசாயிதான். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, இரணைமடுத் தண்ணீர் பாய்கிற குடியேற்றத் திட்டத்தில் வயல் கிடைத்து நெல் விதைத்தவர். அந்த வயல் எங்களுடையதுதானா என்று இதுவரை யாரும் எங்களைக் கேட்டதில்லை. கேட்கப்படாமலே நம்பப்பட்ட வீட்டில் வளர்ந்தவளுக்கு, ஒருவர் "அது எங்கட காணி" என்று சொல்லும்போது அது எவ்வளவு பெரிய வசனம் என்று விளங்கவில்லை. இதை நான் சாட்டாகச் சொல்லவில்லை. உங்களில் பலரும் அப்படியான வீடுகளில் இருந்துதான் வருகிறீர்கள்.

கட்டளையைப் பற்றிச் சொன்னேன். கரீம் நானா கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டார். ஜெசீமா நின்றபடியே கேட்டா.

"அது எங்கட காணி எண்டு அவர் சொன்னாரே மிஸ். உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"கேட்டது."

கரீம் நானா கிணற்றுக் கட்டில் இருந்தபடியே பேசினார்.

"முதல்தரம் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோதும் எங்களிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. இந்தமுறை நீதிமன்றமெல்லோ, கேப்பினம் எண்டு நினைச்சன்."

அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர்களுக்கு முன்னால் அழுவதற்கு எனக்கு என்ன உரிமை? இதைத் திருப்பாமல் விடுவதில்லை என்று அந்தக் காணியில் வைத்துத்தான் முடிவெடுத்தேன்.

நேரே ஒரு மூத்த சட்டத்தரணியிடம் போனேன். மல்லாவியில் இருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர். முகத்துக்கு நேரே பேசுகிற ஆள் என்பதால் எங்களுக்கு அவரிடம் கொஞ்சம் பயம். கோவையை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆளுக்கு மேன்முறையீடு கஷ்டம் பிள்ளை. மேல் நீதிமன்றத்துக்கு மீளாய்வு மனுப் போடலாம். அதுக்கு விசேஷ காரணம் வேணும்."

"என்ன காரணத்தைப் போடுறது?"

"குற்றச்சாட்டை அவசரமா வாசிச்சவை, எதிரிக்கு விளங்கேல்லை எண்டு போடலாம். கனபேர் அப்பிடித்தான் போடுறவை."

"எழுதுவினைஞர் அவசரமா வாசிக்கேல்லை."

"அப்ப ஒரு காரணம்தான் இருக்கு. அது நீ." கோவையை என் பக்கம் தள்ளினார். "எழுதிப் போட்டா அது பதிவேட்டில நிக்கும். உன்னட்ட வாற சனமும் குறையும். யோசிச்சுச் செய்."

யோசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பழியை எழுதுவினைஞர் மேல் போட்டால் எனக்கு ஒரு கீறலும் விழாது. அவரும் கோபிக்க மாட்டார், பழகியிருப்பார். வழக்கும் வெல்லக்கூடும். ஆனால் மேல் நீதிமன்றம் அவரைக் கேட்டால் ஆறுதலாக வாசித்தேன் என்றுதான் அவர் சொல்வார். அது உண்மை. பிறகு கரீம் நானாவின் பேச்சையும் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு பொய்யில் ஏற்றி அந்த மனிதரை இரண்டாம்தரம் கூண்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பொய் சொல்லத் தெரியாததால்தானே அவருக்கு இந்த நிலை.

சத்தியக்கடதாசியை நானே எழுதினேன். நாலு பக்கம். எதிரி தனது நிலைப்பாட்டைக் கூற முற்பட்டார், நான் அதற்கு இடமளிக்கவில்லை என்று எழுதினேன். கட்டளை பற்றி நீதிமன்றம் கேட்டபோது எதிரியிடம் விசாரிக்காமலே இல்லை என்று பதிலளித்தேன் என்றும் எழுதினேன். நானே சாட்சியாகிவிட்டபடியால் மனுவில் நான் தோன்ற முடியாது. மூத்தவர் தோன்ற ஒப்புக்கொண்டார். வெளியேற்றும் கட்டளைக்கு முதலில் இடைக்காலத் தடை கிடைத்தது.

விசாரணை நாளில் அரச சட்டவாதி கடுமையாக வாதாடினார். எதிரிக்குச் சட்டத்தரணி இருந்திருக்கிறார், குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டிருக்கிறது, எதிரி வெட்டியதை இன்றும் மறுக்கவில்லை, கட்டளை வந்த பிறகுதான் கவலை வந்திருக்கிறது என்றார். ஒவ்வொன்றும் சரியான வாதம். அவர் இடத்தில் நான் நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நீதிபதி தாள்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இந்தச் சத்தியக்கடதாசியை எழுதியவர் இங்கே இருக்கிறாரா?"

எழுந்தேன். உங்கள் வயதுப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கூண்டில் ஏற முன் எதிரியோடு எவ்வளவு நேரம் பேசினீர்கள்?"

"ஒரு நிமிடத்துக்கும் குறைவு."

"அவர் உங்களிடம் என்ன சொன்னார்?"

"அது தங்களுடைய காணி என்று சொன்னார். இரண்டு தரம்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"பிறகு கதைப்போம் என்று சொன்னேன்."

"பிறகு கதைத்தீர்களா?"

"தீர்ப்பு முடிந்த மறுநாள்."

நீதிபதி நெடுநேரம் எழுதினார். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பதில் சொல்லச் சொல்ல எனக்குப் பாரம் குறைந்தது. மறைக்க ஒன்றும் மிச்சமில்லாதவளை எந்தக் குறுக்கு விசாரணையும் ஒன்றும் செய்யாது. சட்டத்தரணி பக்கத்தில் நிற்பதால் மட்டும் ஒருவர் கேட்கப்பட்டவர் ஆகிவிட மாட்டார் என்று சொல்லி, குற்றத்தீர்ப்பையும் வெளியேற்றும் கட்டளையையும் நீக்கி, வழக்கைத் தொடக்கத்தில் இருந்து விசாரிக்கும்படி நீதவானிடமே திருப்பி அனுப்பினார் நீதிபதி.

மறுபடியும் அதே கூண்டு, அதே குற்றச்சாட்டு. குற்றவாளியா சுற்றவாளியா என்று எழுதுவினைஞர் கேட்டார். மூத்தவர் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துத்தான் ஏற்றியிருந்தார். ஆனாலும் கரீம் நானா நீதவானைப் பார்த்து, "ஐயா, மரம் வெட்டினது நான். காணி எங்கட. இதுக்கு நான் என்ன பதில் சொல்ல வேணும்?" என்று கேட்டார்.

"அதைத்தான் நாங்கள் விசாரிக்கப் போகிறோம்" என்றார் நீதவான். "சுற்றவாளி என்று பதிகிறேன்."

வழக்கு மூன்று வருடம் நடந்தது. ஒரு தவணைக்கும் கரீம் நானா பிந்தி வரவில்லை. நீதவான் இடத்தைப் பார்க்க நேரில் வந்தார். கிணற்றைச் சுற்றி நடந்தார், பெயரைக் குனிந்து வாசித்தார், தென்னை வரிசையில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். வன அதிகாரி சாட்சிக் கூண்டில், "இருபது வருடம் மனிதர் புழங்காத இடம் எங்கள் கண்ணுக்குக் காடுதான், ஆனால் அங்கே கிணறு இருப்பதை நான் மறுக்கவில்லை" என்றார். அவரும் நேர்மையான ஆள். யாராவது அவரிடமும் முதலிலேயே கேட்டிருக்கலாம். கடைசியில் கரீம் நானா விடுதலையானார். அந்த இடம் அரச காடு என்பது நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பில் எழுதப்பட்டது.

எனக்கு வழக்குகள் குறைந்தன என்பதையும் மறைக்கவில்லை. ஒரு வருடம் வரை விறாந்தையில் என்னிடம் வந்தவர்கள் ஒருசிலர்தான். பிறகு மெல்ல வந்தார்கள். வந்தவர்களை நான் விறாந்தையில் வைத்துக் கதைக்கவில்லை. கதிரையில் இருத்தினேன். செய்தீர்களா என்று முதலில் கேட்கவில்லை, என்ன நடந்தது என்று கேட்டேன். நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். முதலாவது கேள்விக்கு ஓம் அல்லது இல்லை என்று வரும். இரண்டாவதுக்கு வழக்கு முழுவதும் வரும். திங்கட்கிழமைகளில் நேரம் போதாது என்று சொல்வீர்கள். போதாதுதான். போதாத நேரத்துக்குள் செய்வதற்குத்தான் நம்மிடம் வருகிறார்கள்.

விடுதலையான அன்று மூத்தவருக்குக் கரீம் நானா கைகொடுத்தார். எனக்கும் கொடுத்தார். ஜெசீமா கொஞ்சம் தள்ளி நின்றா. கையில் ஒரு பொலித்தீன் பைக்குள் என்னுடைய சத்தியக்கடதாசியின் பிரதி. மகளைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்டதாகச் சொன்னா. மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்தேன். அவா முந்திக்கொண்டா.

"நீங்கள் எழுதினது எல்லாம் உண்மைதான் மிஸ். பிழை விட்ட உங்களுக்கு அதை விளங்கப்படுத்த நாலு பக்கம் கிடைச்சுது. பிழை விடாத மனிசனுக்கு அண்டைக்கு ஒரு சொல்லுத்தான் குடுத்தனீங்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிய வேண்டிய விஷயம் என்பதுபோலச் சொல்லிவிட்டு, கரீம் நானாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தா. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவா ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை ஒருவரையும் குற்றவாளி என்று சொல்லச் சொன்னதில்லை என்று எழுதினால் அது பொய். பல பேரைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். சிலருக்கு அதுதான் நல்லது. ஆனால் அவர்கள் சொல்ல வந்ததையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான்.